பெரெம்பாங் மரத்துக்குப் பின்னால்

கோல சிலாங்கூர் ஆற்றுமுகத்தில் இரண்டு உயிர்களைக் காப்பாற்றப் பல ஆண்டுகளாக முயற்சி நடந்து வருகிறது. ஒன்று பால் நாரை. சேற்றுத் திட்டில் நெடுங்காலில் நின்று இரை தேடும் பெரிய வெள்ளைப் பறவை. மற்றது கம்போங் குவாந்தானில் ஒரு மரம் முழுக்க ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணையும் மின்மினி. இரண்டு இடங்களுக்கும் நடுவே காரில் கால் மணி நேரம்தான். ஆனால் முயற்சிகள் போன வழி நேர் எதிர். நாரைக்கு மீட்பு முதலில் நடந்தது, ஆராய்ச்சி பின்னால் ஓடி வந்தது. மின்மினிக்கு ஆராய்ச்சி நன்றாகவே நடந்தது, மீட்புதான் பாதி வழியில் நிற்கிறது. சுற்றுலாத் துறையின் சுவரொட்டிகளில் இரண்டும் வெற்றிக் கதைகள். அந்தச் சொல்லுக்கு இவை தகுதியானவையா என்று நிதானமாக எடை போட்டுப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

எடை போட ஒரு படிக்கல் வேண்டும். அதை நான் நம் கடலில் இல்லாத ஒரு விலங்கிடமிருந்து எடுக்கிறேன். பின்லாந்தில் சைமா என்றொரு ஏரி உண்டு. பனியுகம் முடிந்து நிலம் உயர்ந்தபோது கடலோடு தொடர்பு அறுந்து, அந்த ஏரிக்குள்ளேயே தங்கிப்போன சீல் இனம் ஒன்று அங்கே வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. 1980களில் அதன் எண்ணிக்கை நூற்றைம்பதுக்கும் கீழே இருந்தது. அரசு 1955இலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது. அப்படியும் சீல் பெருகவில்லை. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சியின் வேலையானது. விடை தெளிவாக வந்தது. வசந்த காலத்தில் தாயிடமிருந்து பிரிந்து நீந்தக் கற்றுக்கொள்ளும் குட்டிகள் மீனவர்களின் செவுள் வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தன. பனி குறைந்த ஆண்டுகளில் குட்டி ஈனும் பனிக்குகைகள் இடிந்து, குட்டிகள் குளிரிலும் நரி வாயிலும் போயின. காரணம் தெரிந்ததும் இரண்டு இடத்திலும் கை வைத்தார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை சீல் வாழும் பகுதிகளில் அந்த வலைகளுக்குத் தடை வந்தது. பனி பெய்யாத குளிர்காலங்களில் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் ஏரிமேல் பனியைக் குவித்துச் செயற்கைத் திட்டுகள் கட்டிக் கொடுத்தார்கள். 2014இலிருந்து இது நடக்கிறது. இன்று சைமா சீல் நானூறைத் தாண்டிவிட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பனித்திட்டு கட்டியது அல்ல. படம் எடுக்க அதுதான் அழகு, செய்தியிலும் அதுதான் வரும். ஆனால் எண்ணிக்கையை உயர்த்தியதில் வலைத் தடைக்கும் பெரும் பங்கு உண்டு. அந்தத் தடைக்காக ஏரிக்கரை மக்கள் தங்கள் பழக்கமான மீன்பிடியில் இரண்டரை மாதத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஆகவே என் படிக்கல் இது: உயிர் எந்த இடத்தில், எதனால் சாகிறது என்று ஆராய்ச்சி கண்டுபிடித்ததா? கண்டுபிடித்த இடத்தில் மீட்பு கை வைத்ததா? அதற்காக யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்?

ஹவாய்த் தீவுகளின் துறவிச் சீலையும் இதே கல்லில் நிறுத்தலாம். வலைக்கயிற்றில் சிக்கியதை அறுத்து விடுவது, சுறா சூழ்ந்த கரையிலிருந்து குட்டிகளை வேறு தீவுக்கு மாற்றுவது, மெலிந்ததை மருத்துவமனையில் தேற்றுவது என்று ஒவ்வொரு விலங்காகப் பார்த்துப் பார்த்துச் செய்ததில், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக எண்ணிக்கை ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியதாக 2022இல் அமெரிக்கக் கடல்வள அமைப்பு அறிவித்தது. நமக்கு இன்னும் அருகில், பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுரக் கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அதே 2022இல் அறிவித்தது. அங்கும் வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவிப்பவர் மீனவர்தான். தன் வலையைத் தானே அறுத்து விடுகிறார், வனத்துறை அவரைப் பாராட்டிப் பரிசு தருகிறது. அதாவது விலங்கு சாகும் இடமும் மீட்கும் கையும் ஒரே படகில் இருக்கின்றன.

இனி நம் ஊருக்கு வருவோம்.

பால் நாரையின் பெரிய கூட்டங்கள் சுமத்ராவிலும் ஜாவாவிலும் இருந்தன. தீபகற்ப மலேசியாவில் அதன் கடைசிப் புகலிடம் பேராக்கின் மாத்தாங் கண்டல்காடு. அங்கே 1984இல் நூற்றுக்கு மேல் எண்ணப்பட்ட பறவைகள் 2005இல் பத்துக்கும் கீழே வந்துவிட்டன. இந்தச் சரிவு கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தபோது, உலு கிள்ளானில் உள்ள ஜூ நெகாரா 1980களிலேயே பால் நாரையைக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்யத் தொடங்கிவிட்டது. குஞ்சுகள் பொரித்தன, வளர்ந்தன, பெருகின. காட்டில் பத்துக்கும் குறைவாக இருந்த ஒரு பறவை, விலங்குக்காட்சிசாலையில் நூறைத் தாண்டியது. அந்த ஊழியர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பெரிய நாரையைக் கூண்டில் ஜோடி சேர்த்து, கூடு கட்ட வைத்து, குஞ்சை உயிரோடு வளர்த்தெடுப்பது சின்ன வேலையில்லை.

இப்படிப் பெருகியவற்றைக் காட்டில் விட வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே வந்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. புக்கிட் மலாவாத்தி அடிவாரத்தில் மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சியால் 1987இல் உருவான இடம் அது. வெட்டி உண்டாக்கிய ஏரி, கரை போட்டுப் பிரித்த இரண்டாம் நிலைக் காடு, கரைக்கு அப்பால் கண்டல், அதற்கும் அப்பால் கடற்சேறு. 1990களின் பிற்பகுதியில் ஜூ நெகாராவிலிருந்து நாரைகளைக் கொண்டுவந்து இங்கே பெரிய கூண்டில் பழக்கி வெளியே விட முயன்றார்கள். 2007 வாக்கில் பேராக் கோல குலாவிலும் இதே வேலை தொடங்கியது.

இங்கேதான் படிக்கல்லை எடுக்க வேண்டியிருக்கிறது. மாத்தாங்கில் நாரைகள் ஏன் குறைந்தன என்பதற்கு உறுதியான விடை கையில் இருந்ததா? வேட்டையா, கூடு கட்டும் உயர்ந்த மரங்கள் போனதா, சேற்றில் இரை குறைந்ததா, நஞ்சா? கோல குலாவில் நாரையின் இரையிலும் நீரிலும் ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று அளந்த ஆய்வு 2017இல்தான் அச்சேறியது. பறவையை விட்டுப் பத்தாண்டு கழித்து அதன் சாப்பாட்டைச் சோதித்திருக்கிறோம். வரிசை தலைகீழ்.

நாரை இரை பிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இந்தத் தவறின் கனம் தெரியும். பால் நாரை கண்ணால் பார்த்துக் கொத்தும் பறவையல்ல. அலகைச் சற்றுத் திறந்தபடி கலங்கிய நீரிலும் சேற்றிலும் விட்டுத் துழாவும். ஏதாவது அலகில் பட்டதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் மூடிக்கொள்ளும். சேற்றில் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறதே, தாவிக் குதிக்கும் சேற்றுமீனின் வளைகள், அவற்றுக்குள் அலகை முழுக்க நுழைத்து மீனை இழுத்து எடுக்கும். எந்த வளையில் ஆழமாக விட வேண்டும், அலை இறங்கி எத்தனை நேரத்துக்குள் திட்டில் இருக்க வேண்டும், ஏறும்போது எங்கே ஒதுங்க வேண்டும் என்பதையெல்லாம் இளம்பறவை கூட்டத்தோடு கூட்டமாகப் போய்க் கற்கிறது. தட்டில் போட்ட மீனைத் தின்று வளர்ந்த பறவைக்கு இதைச் சொல்லித்தர அந்தச் சேற்றில் மூத்த நாரை யாரும் இல்லை. பூங்காவின் ஏரி இதமாக இருக்கலாம், ஆனால் பள்ளிக்கூடம் கரைக்கு அப்பால் இருந்தது.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு, அதுதான் தீர்ப்பை முடிவு செய்கிறது. ஜூ நெகாராவில் பால் நாரையோடு சங்குவளை நாரையும் இருந்தது. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் ஊர் மக்கள் பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்கிறார்களே, அதே பறவைதான். தமிழ்நாட்டு மண்ணில் அது அழகு. இங்கே அது விருந்தாளி. இரண்டும் நெருங்கிய உறவு என்பதால் கலந்து குஞ்சு பொரித்தன. சிங்கப்பூரிலும் இதே கதை. 2019இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இந்தக் கலப்பு எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதையும், கண்ணால் பார்த்து மட்டும் தூய பறவையைப் பிரித்தெடுப்பதில் உள்ள இடரையும் எடுத்துக் காட்டியது. ஆகவே இன்று சிலாங்கூர்க் கரையோரத்தில் ஒரு வெண்ணாரை பறந்தால், அது காப்பாற்றப்பட்ட பால் நாரையா, அல்லது நம் கையாலேயே நாம் உண்டாக்கிய இன்னொன்றா என்று மரபணு பார்க்காமல் சொல்ல முடியாத நிலை. ஓர் இனத்தை அழிவிலிருந்து காக்கக் கிளம்பிய வேலை, அந்த இனத்தின் அடையாளத்தையே கலைக்கும் ஆபத்தில் வந்து முடிந்திருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2013இல் பால் நாரையை ஆபத்து நிலைப் பட்டியலில் ஒரு படி மேலேற்றியது. ஆபத்து கூடியிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

ஜப்பானியர்கள் இதே பாடத்தை மின்மினியிலேயே படித்தார்கள். அங்கே கெஞ்சி மின்மினி மேற்குப் பகுதியில் இரண்டு வினாடிக்கு ஒரு முறை மின்னும், கிழக்கில் நான்கு வினாடிக்கு ஒரு முறை. ஊருக்கு ஊர் மின்மினி குறைந்தபோது, அன்போடும் ஆர்வத்தோடும் வேறு பகுதியிலிருந்து வாங்கி வந்து ஓடைகளில் விட்டார்கள். விளைவு, கிழக்கத்திய ஓடைகளில் மேற்கின் தாளம். கம்போங் குவாந்தானில் எண்ணிக்கை குறையும்போதெல்லாம், தொட்டியில் புழு வளர்த்து ஆற்றங்கரையில் விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நாரையின் வரலாறு அவர்களுக்கு விடை சொல்லும்.

நாரைத் திட்டத்தைப் பற்றி என் முடிவு: கூண்டு வேலை தரமானது, காட்டு வேலை முன்யோசனை இல்லாதது. கூண்டில் மிச்சம் இருக்கும் தூய வம்சத்தைப் பிரித்து வைப்பதுதான் இனி அதன் கடமை. சேற்றையும் இரையையும் சோதித்து முடிக்கும்வரை இன்னொரு பறவையை வெளியே விடக்கூடாது.

மின்மினி வேறு விஷயம். அதற்கு இங்கே கிடைத்த ஆராய்ச்சி, உலகில் எந்த மின்மினி இனத்துக்கும் அரிதாகவே கிடைத்திருக்கும். அதனாலேயே அதைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

கம்போங் குவாந்தானில் இரவு ஏழரை மணிக்கு மேல் சம்பான் ஏறுகிறவர்கள் பார்ப்பது பெரெம்பாங் மரங்களை. உப்பும் நன்னீரும் கலக்கும் ஆற்றங்கரையில் வளரும் மரம் அது. அதன் இலைகளில் டெராப்டிக்ஸ் டெனர் என்ற இனத்தின் ஆண் மின்மினிகள் உட்கார்ந்து ஒன்றாக ஒளிர்ந்து பெண்களை அழைக்கின்றன. ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான். சிறுவயதில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து லாரி பேசி, குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தவர்கள் நம்மில் பலர். துடுப்புப் போடும் மலாய்க்காரர் பேச்சை அடக்கச் சொல்வார், டார்ச் அடித்தால் கடிந்துகொள்வார். அந்த ஒழுங்கு இன்றும் கம்போங் குவாந்தானில் பெரும்பாலும் இருக்கிறது. அது ஊர்க்காரர்களின் சாதனை, அதை எந்தத் திட்டமும் சொல்லித்தரவில்லை.

ஆனால் மரத்தில் தெரிவது மின்மினியின் வாழ்க்கையில் கடைசி அங்கம். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் லாரன்ஸ் கர்ட்டன், நாடா பத்ருடின், வெரோனிகா கூ முதலியோர் செய்த வேலையின் பெருமை, முதல் அங்கங்கள் எங்கே நடக்கின்றன என்று தேடிப் போனதுதான். பெண் மின்மினி முட்டையிடுவது மரத்தில் அல்ல, மரத்துக்குப் பின்னால் உள்ள ஈர நிலத்தில். பெரெம்பாங் வரிசையைத் தாண்டி உள்ளே போனால் நீப்பாவும் ரும்பியாவும் அடர்ந்த சதுப்பு. அலை ஏறும்போது நீர் பரவும், இறங்கும்போது கறுத்த சேறும் அழுகிய ஓலையும் மிஞ்சும். அந்த ஓலைக்கு அடியில், ஈரம் காயாத இடத்தில், நகக்கண் அளவுகூட இல்லாத நத்தைகள் மேய்கின்றன. இரவில் மின்மினிப் புழு அவற்றைத் தேடி வருகிறது. கறுப்பாக, தட்டையாக, கட்டம் கட்டமாக இருக்கும் புழு. நத்தையின் ஓட்டுக்குள் தலையை நுழைத்து, உள்ளிருப்பதைக் கரைத்து உறிஞ்சிக் குடிக்கிறது. வயிறு நிறைந்து பெருத்த பிறகு மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து, அதற்குப் பிறகுதான் மரத்துக்குப் பறக்கிறது. வாழ்நாளில் பெரும் பங்கை அது செலவிடுவது சுற்றுலாப் பயணி ஒருபோதும் பார்க்காத அந்தச் சேற்றில்.

இது கண்டுபிடிப்பு என்ற அளவில் சைமா ஆய்வாளர்கள் செவுள் வலையைக் கண்டுபிடித்ததற்கு நிகர். மின்மினி எங்கே சாகிறது என்ற கேள்விக்கு நேர் விடை: சதுப்பு வறண்டால் சாகிறது. கரை போட்டு அலையைத் தடுத்தால், பாரிட் எனும் வடிகால் வெட்டி நீரை வடித்தால், நத்தை போகும். நத்தை போனால் புழு பட்டினி. மரத்தில் ஒளி குறைவது அதற்குப் பிறகு.

வன ஆராய்ச்சிக் கழகம் 2006இலிருந்து ஒவ்வொரு மாதமும் மரங்களை இரவில் படமெடுத்து, படத்தில் உள்ள ஒளிப்புள்ளிகளைக் கணினியில் எண்ணி வருகிறது. மின்மினியை எண்ண இப்படியொரு முறையை வகுத்து, அதை 2012இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டு, மற்ற நாட்டவரும் பயன்படுத்த வழி செய்தார்கள். 2010இல் சிலாங்கூரில் உலக மின்மினி ஆய்வாளர்கள் கூடினார்கள். அங்கிருந்து மின்மினிப் பாதுகாப்புக்கான ‘சிலாங்கூர் பிரகடனம்’ பிறந்தது. வான் ஃபரிடா அக்மல் ஜுசோ போன்ற ஆய்வாளர்களின் மதிப்பீட்டின் பேரில் 2020இல் டெராப்டிக்ஸ் டெனர் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அழிவு அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாகச் சேர்க்கப்பட்டது. ஆராய்ச்சிக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் குறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

மீட்பு என்ன ஆனது?

பொதுவிவாதத்தில் மின்மினி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அணை. கோலகுபு பாருவுக்கு மேலே சிலாங்கூர் ஆற்று அணை கட்டப்போவதாக 1990களின் இறுதியில் செய்தி வந்ததும் எதிர்ப்பு எழுந்தது. மேலே நீரை நிறுத்தினால் கீழே கடலுப்பு உள்ளே ஏறும், பெரெம்பாங் பட்டுப்போகும், மின்மினி அழியும் என்றார்கள். கெராச்சி, பெர்தாக் என்ற தெமுவான் பூர்வகுடிக் கிராமங்கள் இடம் பெயர்ந்தன. அந்த இழப்பு இன்றும் ஈடு செய்யப்படாதது என்றே நான் நினைக்கிறேன். 2000களின் தொடக்கத்தில் அணை வந்துவிட்டது. ஆற்றின் நீரை எடுத்துக் கிள்ளான் பள்ளத்தாக்கு நகரங்களின் தேவையில் ஏறக்குறைய அறுபது விழுக்காட்டைத் தருகிறார்கள். மின்மினி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் இருக்கிறது.

இதை வைத்து எதிர்த்தவர்கள் தவறு செய்தார்கள் என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. வறட்சி ஆண்டுகளில் ஆற்றில் விடும் நீரின் அளவு இன்னமும் கண்காணிக்க வேண்டிய ஒன்றுதான். அந்தக் கவலையை அப்போது உரக்கச் சொன்னதாலேயே அது கணக்கில் ஏறியது. ஆனால் அந்தப் போராட்டத்தில் ஒரு விலை இருந்தது. எல்லார் கண்ணும் தொலைவில் மலையடிவாரத்தில் இருந்த காலத்தில், கம்போங் குவாந்தானைச் சுற்றிய ஆற்றங்கரையில் சதுப்பு துண்டு துண்டாகத் துப்புரவாகிச் செம்பனையும் வாழையும் ஏறிக்கொண்டிருந்தன. யாரும் கொடி பிடிக்கவில்லை. இரண்டு ஏக்கர் இங்கே, மூன்று ஏக்கர் அங்கே. செய்தியாவதற்குப் போதாத அளவு, புழுவுக்கு மட்டும் போதுமான அளவு.

செம்பனையைப் பற்றிச் சொல்லாமல் இந்த மாவட்டத்தின் கதையைச் சொல்ல முடியாது. இந்த நாட்டில் வாணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917இல், இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்காலத்தில் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. குழி வெட்டியவர்களும் கன்று வைத்தவர்களும் தமிழர்கள். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று ஆற்றின் இரு பக்கமும் கித்தா மரம் நின்ற காலத்திலும், அது வெட்டிச் செம்பனை ஏறிய காலத்திலும், பாரிட் வெட்டிச் சதுப்பை வடித்தது நம் பாட்டன், பூட்டன் கைகள். விடியற்காலைப் பெரட்டுக்கு நின்று, கங்காணி கைகாட்டிய இடத்தில் மண்வெட்டி போட்டவர்கள் அவர்கள். எந்த ஓடை எந்த ஆற்றில் கலக்கிறது, எந்த மதகைத் திறந்தால் எந்த மேடு நனையும் என்பதெல்லாம் அந்தக் கைகளுக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, பிள்ளைகள் கிள்ளான் பக்கம் போய்விட்டார்கள். அறிவு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, வயதானவர்களிடம். இந்த ஆற்றின் வடிகால் வரைபடத்தை எழுதாமலே வைத்திருக்கும் இவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்வதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதிதான்.

மாநில அரசு சும்மா இருந்துவிடவில்லை. சிலாங்கூர் நீர்வள நிர்வாக வாரியமான லுவாஸ், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2009இல் மின்மினி வாழும் ஆற்றுப் பகுதியைப் பாதுகாப்பு மண்டலமாக அரசிதழில் அறிவித்தது. இது உண்மையான முன்னேற்றம். ஒரு பூச்சிக்காக ஒரு மாநிலம் ஆற்றங்கரைக்குச் சட்டவேலி போட்டது எளிதில் நடக்கிற காரியமில்லை. ஆனால் அந்த வேலி செய்யக்கூடியது புதிதாக வெட்ட, கட்ட, நிரப்ப அனுமதி கேட்க வைப்பது. ஏற்கெனவே செம்பனையாகிப்போன நிலத்தை அது சதுப்பாகத் திருப்பித் தராது. கரை போட்டுவிட்ட இடத்தில் அலையை உள்ளே விடாது. அகன்ற ஆறுகளின் இரு பக்கமும் ஐம்பது மீட்டர் ஒதுக்க வேண்டும் என்ற வடிகால் துறையின் வழிகாட்டியும் அப்படித்தான். ஐம்பது மீட்டர் மரத்தைக் காக்கும், கரை அரிக்காமல் காக்கும். அலை பரவும் சதுப்பு ஐம்பது மீட்டரோடு நிற்பதில்லை.

சதுப்பைத் திருப்ப வேண்டும் என்பதற்கு எதிரான வாதங்களையும் கேட்க வேண்டும். முதலாவது, சுற்றுலாவே காப்பாற்றும் என்பது. பணம் வந்தால் ஊர் மரத்தைக் காக்கும் என்ற இந்தக் கணக்கில் உண்மை இருக்கிறது, கம்போங் குவாந்தானில் மரத்தை வெட்ட இன்று எவனும் துணியமாட்டான். ஆனால் காசு விழுவது படகுத் துறையில். நத்தை வாழும் நிலத்தின் சொந்தக்காரருக்குச் சம்பான் டிக்கெட்டிலிருந்து ஒரு காசும் போவதில்லை. அவர் செம்பனைக் குலை வெட்டினால் மாதாமாதம் பணம் வரும், சதுப்பாக விட்டால் கொசுதான் வரும். மரத்தின் மதிப்பைச் சுற்றுலா ஏற்றிவிட்டது, மண்ணின் மதிப்பை ஏற்றவில்லை.

இரண்டாவது வாதம் இன்னும் கடினமானது, அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். அந்த நிலங்களில் பல சிறு நிலக்காரர்களுடையவை. இரண்டு மூன்று ஏக்கரில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களிடம் போய்ப் பூச்சிக்காக விட்டுக்கொடு என்பது எந்த நியாயம்? நியாயம் இல்லைதான், இழப்பீடு இல்லாவிட்டால். சைமாவில் தடை வேலை செய்தது அது வெறும் உத்தரவாக மட்டும் வராததால். மீன்பிடி உரிமையுள்ளவர்களோடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் இழப்பைக் கணக்கில் எடுத்துச் செய்தார்கள். இங்கே சிறு நிலக்காரரைக் குறை சொல்வதும் தவறு, அவரைக் காரணம் காட்டிப் பெரிய தோட்டக் கம்பெனிகளை விட்டுவிடுவதும் தவறு. 2020 தொடக்கத்திலிருந்து மலேசிய நீடித்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் எல்லாத் தோட்டங்களுக்கும் கட்டாயம். சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஐரோப்பியச் சந்தைக்கு எண்ணெய் அனுப்பும் கம்பெனியிடம், மறுநடவு வரும் ஆண்டில் ஆற்றோர வரிசைகளை நடாமல் விட்டுவிடச் சொல்வது பெரிய கோரிக்கை இல்லை. இருபத்தைந்து ஆண்டுக்கு ஒரு முறை பழைய மரத்தைச் சாய்த்துப் புதுக்கன்று வைக்கும் அந்தத் தருணத்தில் நிலம் எப்படியும் வெறுமையாகத்தான் கிடக்கும். கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

ஆகவே தீர்ப்பு. நாரைத் திட்டம் என் எடையில் தோற்றது. உழைப்பு குறைந்ததால் தோற்கவில்லை, எங்கே சாகிறது என்ற கேள்வியைக் கேட்காமலே புறப்பட்டதால் தோற்றது. மின்மினித் திட்டம் அந்தக் கேள்வியைக் கேட்டது, விடையும் கண்டது, சட்டமும் கொண்டுவந்தது. அதை வெற்றி என்று சொல்ல ஒரே ஒரு தடை: விடை காட்டிய இடத்தில், பெரெம்பாங்குக்குப் பின்னால் உள்ள சேற்றில், இன்னும் யாரும் ஒரு காணி நிலத்தையும் விட்டுக்கொடுத்ததாக எனக்குத் தெரிந்த கணக்கு இல்லை. மாதாமாதம் மரத்தைப் படமெடுத்து எண்ணுவது நோயாளிக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. பார்க்கத்தான் வேண்டும், மருந்தை வேறு யாராவது கொடுக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்பது தெரியாத ரகசியம் இல்லை. கம்போங் குவாந்தானுக்கு மேலோ கீழோ, ஆற்றை ஒட்டி, ஒரு காலத்தில் நீப்பாச் சதுப்பாக இருந்து இப்போது செம்பனை நிற்கும் ஒரு துண்டு நிலத்தை மாநில அரசு நியாய விலைக்கு வாங்கட்டும். சொந்தக்காரர் விற்க விரும்பாவிட்டால் ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கட்டும். அதற்குள் இருக்கும் பாரிட்டை அடைத்து, கரையில் ஓர் இடத்தை வெட்டித் திறந்து, அலையை உள்ளே விட வேண்டும். திறப்பதற்கு முன் நத்தையை எண்ண வேண்டும், திறந்த பின்னும் ஆண்டுதோறும் எண்ண வேண்டும், புழு வந்ததா என்று பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு கெப்போங்கிலிருந்து இரவு வண்டியில் வருகிறவர்களோடு, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்து இளைஞர்களையும் சம்பளம் கொடுத்துச் சேர்க்கலாம். நத்தை திரும்பினால் அடுத்த துண்டு. திரும்பாவிட்டால் ஏன் என்று தேட வேண்டும், அதற்கும் தரமான ஆய்வாளர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

காசு எங்கே என்று கேட்பார்கள். இந்த ஆற்று நீரைக் குடிக்கிறவர்கள் கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் ஷா ஆலாமிலும் இருக்கிறார்கள். அவர்கள் குடிக்கும் தண்ணீருக்காகத்தான் மேலே அணை வந்தது, கெராச்சியும் பெர்தாக்கும் இடம் பெயர்ந்தன. மாதத் தண்ணீர்க் கட்டணத்தில் கனமீட்டருக்கு ஒரு காசு ஆற்றோர நிலத்துக்கென்று ஒதுக்கினால், ஒரு துண்டல்ல, பல துண்டு வாங்கலாம். அந்த ஒரு காசைச் சட்டமன்றத்தில் கேட்டுப் பெறுவது ஈஜோக், புக்கிட் மலாவாத்தி தொகுதிகளின் உறுப்பினர்கள் வேலை. அவர்களிடம் அதை எழுதிக் கொடுத்துக் கேட்பது, இந்தத் தோட்டங்களிலிருந்து வந்த நம் வேலை.